அக்காவின் நோட்டில் சிவப்பு மை

1

என் அலுவலகம் எனக்கு ஒரு கண்ணாடிப் பலகை கொடுத்திருக்கிறது. பதினைந்து வருடம் தாக்குப்பிடித்ததற்கு. இரண்டு உள்ளங்கை அகலம், மூலையில் மேப்பிள் இலை, நடுவில் என் பெயர், அதிலும் ஓர் எழுத்தைக் காணோம். பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், "நோயாளிகளின் குரலை மேசைக்குக் கொண்டுவந்தவர்." தபாலில் வந்த அன்றே அதைச் சமையல் மேடையில் போட்டேன். இப்போது ரசச் சட்டியை அதன்மேல்தான் இறக்கி வைக்கிறேன். சூடு தாங்குகிறது, அந்த மட்டில் குறை சொல்ல மாட்டேன்.

குறை அந்த வரியில் இருக்கிறது. அது பொய். எழுதியவர்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் என் அக்கா மல்லிகாவுக்கும் தெரியும். பலகை வந்த அதே வாரத்தில்தான் அக்காவின் மகள் அபிநயா என்னைக் கூப்பிட்டு, நான் செய்த காரியத்தை முகத்துக்கு நேரே சொன்னாள். அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். கனடாவில் பனி எப்படிப் பெய்யும், கோட்டு எத்தனை அடுக்கு போடவேண்டும் என்று வாசிக்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அதெல்லாம் இதில் இல்லை.

2

ஊருக்குப் போனால் என் வேலை என்னவென்று கேட்பார்கள். டாக்டரா? இல்லை. நர்ஸா? இல்லை. "அப்ப ஆஸ்பத்திரியில எழுத்து வேலையா?" என்பார்கள். ஏறக்குறைய அதுதான். ஒரு நோயைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தேடி எடுத்து, பதர் போகப் புடைத்து, மிஞ்சியதைச் சேர்த்துப் பார்த்து, இந்த வைத்தியம் பலிக்கிறது, இது பலிக்கவில்லை என்று எழுதுவோம். அதைப் பார்த்துத்தான் டாக்டர்களுக்கான வழிகாட்டிகள் தயாராகும்.

இந்த வேலையில் ஒரு கறாரான விதி உண்டு. எதையும் ஒருவர் மட்டும் படித்து முடிவு செய்யக்கூடாது. ஒரே கட்டுரையை இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. பிறகு இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும். வேறுபட்டால் உட்கார்ந்து பேச வேண்டும். மனுஷன் கண்ணுக்குத் தனக்குப் பிடித்ததுதான் முதலில் படும் என்று எங்கள் தொழிலுக்கு நன்றாகத் தெரியும். இந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களாக இன்னொரு ஏற்பாடும் வந்திருக்கிறது. நோயாளிகளையும் குழுவில் சேர்க்க வேண்டும். அவர்கள் பட்ட அனுபவத்தையும் கேட்டுத்தான் அறிக்கை எழுத வேண்டும். நல்ல ஏற்பாடுதான், நான் அதற்காகச் சண்டை போட்டவள். ஆனால் அது நடக்கும் விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் நோயாளிக்கு. அதற்குள் பாதிப் பேருக்கு அடுத்த கூட்டம் தொடங்கிவிடும். நோயாளி பேசி முடித்ததும் எல்லோரும் நெஞ்சில் கைவைத்து "எவ்வளவு வலிமையான பேச்சு" என்பார்கள். அவர் படம் ஆண்டறிக்கையில் வரும். அவர் சொன்னது அறிக்கையில் வராது.

போன வருடம் சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு பற்றி ஒரு தொகுப்பு எங்களிடம் வந்தது. ஏழை நாடுகளுக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதனால் ஏழை நாட்டிலிருந்து ஒரு நோயாளி வேண்டும். குழுவின் தலைவி ஹெலன் என்னைப் பார்த்தாள். நல்ல பெண், கெட்ட எண்ணம் கிடையாது. "உனக்கு அங்கே யாரையாவது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாமல் என்ன? கூடப்பிறந்தவளே இருக்கிறாள், காலில் ஒரு விரல் இல்லாமல்.

3

அக்காவைச் சேர்ப்பதற்கு நிரப்பிய படிவங்களைச் சொல்ல வேண்டும். அவள் நாற்று நடுகிறவள், ஒரு நடவுக் கூட்டத்துக்கே தலைமை. ஆள் சேர்ப்பது, யார் வயலில் என்றைக்கு என்று பேசி முடிப்பது எல்லாம் அவள்தான். படிவத்தில் "பதவி" என்ற கட்டம். "மருந்து நிறுவனங்களுடன் உங்களுக்குத் தொடர்பு உண்டா?" என்று இன்னொரு கட்டம்.

"கம்பெனியா? உரக்கடை முதலாளியத் தெரியும்," என்றாள் அக்கா.

"அது இல்லக்கா. மருந்துக் கம்பெனி."

"பூச்சி மருந்தும் அந்தக் கடையிலதான்டி விக்கிறான்."

இல்லை என்று டிக் அடித்தேன். அக்காவுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால் அபிநயாவின் முகவரியைக் கொடுத்தோம். அவள் தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

அக்காவின் விரல் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. எங்கள் பக்கம் இப்போது மெஷின் நடவு வந்துவிட்டது, நேரடி விதைப்பும் வந்துவிட்டது. ஆனாலும் மெஷின் இறங்காத வயலும் மூலை முடுக்கும் இருக்கின்றன. அங்கெல்லாம் கை நடவுதான். வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் சேற்றில் இறங்குவார்கள். வயலில் செருப்புக் காலோடு யாரும் கால் வைக்க மாட்டார்கள், வைத்தால் கூட இருக்கிற பெண்களே சத்தம் போடுவார்கள். செருப்பு நிற்கவும் நிற்காது, சேறு பிடுங்கிக்கொள்ளும். நத்தை ஓடு கிழிக்கும், விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், சாயங்காலம் மருதாணியை அரைத்து அப்பிக்கொள்வார்கள். சர்க்கரை வந்த காலுக்கு அந்த நத்தை ஓடு கிழித்ததே தெரியாது.

அக்கா வைத்தியத்துக்குப் போனாள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, அவள் இன்னும் அங்கேதான் போயாக வேண்டும். அங்கே டாக்டரம்மா, "வெறுங்காலோட நடக்கவே கூடாது, தண்ணியில கால் வைக்கவே கூடாது" என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் வயலில் இறங்கினாள். இறங்காமல்? அடுத்த முறை காலில் சேற்றைப் பார்த்த டாக்டரம்மா அவளுடைய ஆஸ்பத்திரி நோட்டில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். சொன்ன அறிவுரையைக் கடைப்பிடிக்காத நோயாளி என்று அதற்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு யார் அந்த நோட்டைத் திறந்தாலும் முதலில் அந்த வரிதான் தெரிந்தது. "ஏம்மா, நீதான் சொன்ன பேச்சு கேக்காத ஆளா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வரிசையில் நிற்கிற மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இருபது பெண்களை வைத்து வேலை வாங்குகிறவள் என் அக்கா. ரெண்டு பஸ் ஏறிப் போய் எதற்கு ஏச்சு வாங்க வேண்டும் என்று போவதை நிறுத்திவிட்டாள். அந்த நின்றுபோன மாதங்களில்தான் புண் கறுத்து, விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

4

முதல் கூட்டம் எங்களுக்குக் காலை ஒன்பது மணி, அக்காவுக்குச் சாயங்காலம் ஆறரை. அபிநயா செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து நிறுத்திவிட்டுத் தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள். அக்கா குளித்து, தலை வாரி, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முன்பே அறிக்கையின் வரைவை எல்லோருக்கும் அனுப்பியிருந்தோம். அபிநயா அதை அம்மாவுக்குப் படித்துச் சொல்லியிருந்தாள். அதில் பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல் இருந்தது. அறிவுரையைக் கடைப்பிடித்தவர்கள், கடைப்பிடிக்காதவர்கள்.

ஹெலன் சிரித்த முகத்தோடு கேட்டாள். "மல்லிகா, கால் பராமரிப்பு அறிவுரைகளைப் பின்பற்ற உங்களுக்கு எது உதவியாக இருக்கும்?" நான் தமிழில் சொன்னேன். ஒருவர் நடுவில் புகுந்து, தண்ணீர் புகாத ரப்பர் பூட்ஸ் கொடுத்தால் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

அக்கா பேசினாள்.

"பூட்ஸா? பூட்ஸ் போட்டுக்கிட்டு சேத்துல எறங்கினா நாத்துக்கு முன்னாடி நான் நட்டுக்கிட்டு நிப்பேன். பின்னாடியே நகந்து நகந்து நடணும், கால உருவி உருவி வைக்கணும். ஒருநாள் வந்து எறங்கிப் பாக்கச் சொல்லு அந்த ஐயாவ. அது கெடக்கட்டும். இப்ப நான் சொல்றத எழுதிக்கச் சொல்லு. என் விரல சேறு எடுக்கல. அந்த செவப்பு மை எழுத்துதான் எடுத்துச்சு. நோட்டத் தொறந்தவங்க எல்லாம் எழுத்தப் பாத்தாங்க, என் கால ஒருத்தரும் பாக்கல. என்ன வேலை செய்யிறேன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? இப்ப இவங்களும் பக்கம் பக்கமா அதே எழுத்தத்தான் எழுதி வச்சிருக்காங்க. வெக்கமா இல்ல? அத எடுக்கச் சொல்லு. எடுக்கலன்னா என் பேரு அதுல வரக்கூடாது."

மூச்சு விடாமல் பேசினாள். அவள் குரல் உயர்ந்த வேகத்தில் திரையில் இருந்த முகங்கள் எல்லாம் நிமிர்ந்தன. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "இந்த வாய்ப்புக்காக அவர் குழுவுக்கு நன்றி சொல்கிறார். விவசாய வேலைகளில் காலணி அறிவுரையைப் பின்பற்றுவது கடினமாக இருக்கிறது என்கிறார். மருத்துவர்களின் பேச்சு இன்னும் கொஞ்சம் ஆதரவாக இருந்தால் உதவியாக இருக்கும் என்று கருதுகிறார்."

"அற்புதம்," என்றாள் ஹெலன். நெஞ்சில் கைவைத்தாள்.

அக்கா அந்தக் கையைப் பார்த்துத் தலையசைத்தாள். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள், பாவி.

5

எங்கள் அலுவலகத்தில் ஒளிவு மறைவே இல்லை என்று காட்டிக்கொள்ள ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தின் பதிவை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிடுவார்கள். யாரும் திறந்து பார்ப்பதில்லை. அபிநயா பார்த்தாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுடா."

"அம்மா பேசினதுக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு அம்மா கேட்டாங்க. அதான் போட்டுப் பாத்தேன். அம்மா நன்றியே சொல்லல சித்தி."

"அங்க அப்படித்தான்டா பேசணும். இல்லன்னா காதுல வாங்க மாட்டாங்க," என்றேன்.

"இப்ப மட்டும் வாங்கிட்டாங்களா?"

நர்சிங் படிக்கிற பிள்ளை வரைவைப் படித்துச் சொன்னாலும், நாங்கள் வேகமாகப் பேசுகிற ஆங்கிலம் அவ்வளவு புரியும் என்று நான் நினைக்கவே இல்லை. அதுவும் ஒரு திமிர்தான். கடல் தாண்டி வந்துவிட்டால் மொழி நம் மடியில் மட்டும் இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"முழுசா சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க." அபிநயா மற்றதையும் சொன்னாள். "சித்தி, அம்மாவுக்குக் குதிகால்ல வெடிப்பு. ஓரம் கறுப்பா இருக்கு. நான் சனி ஞாயிறு வந்து கட்டுப் போட்டுட்டுப் போறேன். அது போதாது, டாக்டர் பாக்கணும். வரவே மாட்டேங்கிறாங்க. அந்த நோட்டத் தூக்கிக்கிட்டு மறுபடி போய் நிக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். நோட்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிப் புது நோட்டு போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வாங்கன்னு சொன்னேன். எதுக்குப் பொய் சொல்லணும்னு கத்துறாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் மகள் இனியா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது, இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசச் சொன்னால் பாதியில் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவாள். அன்றைக்கு மட்டும் தமிழில் சொன்னாள்.

"அம்மா, நீ எப்பவும் அப்படித்தானே பண்ற."

"எப்படி?"

"அப்பத்தா இங்க வந்தப்ப, அந்த டாக்டர் தொடாமலே பாத்தாருன்னு அப்பத்தாவுக்குக் கோவம். நீ டாக்டர்கிட்ட அவங்க ரொம்ப ஹாப்பின்னு சொன்ன. என் டீச்சர் என் பேரத் தப்பா சொன்னப்ப, பரவால்ல, அப்படியும் சொல்லலாம்னு சொன்ன. அப்படிச் சொல்ல முடியாதும்மா. அது என் பேரே இல்ல."

வந்த புதிதில் எனக்கு வாய் இருந்தது. ஓட்டுநர் உரிமம் எடுக்கிற அலுவலகத்தில் என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, அப்பா பெயரால் என்னைக் கூப்பிட்டபோது சண்டை போட்டிருக்கிறேன். என்ன கிடைத்தது? "அமைதியாகப் பேசுங்கள் மேடம்" கிடைத்தது. மூன்றாவது தடவை நானே வாயை அடக்கிக்கொண்டேன். வேலையில் கேட்கவே வேண்டாம். கோபமாக எழுதிய மின்னஞ்சலை அழித்துவிட்டு, "இதைப் பற்றி யோசிக்கலாமா?" என்று எழுதப் பழகினேன். அப்படிப் பழகியதற்குத்தான் பதவி உயர்வு, கண்ணாடிப் பலகை எல்லாம். என் கோபத்தை நான் விற்றுத் தின்றால் அது என் பாடு. அக்காவின் கோபத்தை விற்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு கட்டுரையைப் படிக்க இரண்டு பேர் வேண்டும் என்று விதி போட்ட நாங்கள், ஒரு மனுஷி சொன்னதைக் கேட்க ஒருத்தியை மட்டும் வைத்தோம். அந்த ஒருத்தி சரியாகச் சொன்னாளா என்று பார்க்க ஆள் கிடையாது. தாளுக்கு இருக்கிற மரியாதை அவள் பேச்சுக்கு இல்லை.

6

அந்த வாரமே இறுதி வரைவு வந்தது. அந்தச் சொல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. கடைசிப் பக்கத்தில் அக்காவின் பெயர், அவளுடைய "மதிப்புமிக்க அனுபவத்துக்கு" நன்றி. எடுக்கவில்லையென்றால் என் பெயர் வரக்கூடாது என்று சொன்னவளின் பெயர்.

ஹெலனுக்கு எழுதினேன். நான் மொழிபெயர்த்தது தவறு, வேண்டுமென்றே செய்த தவறு, மல்லிகா சொன்னது வேறு என்று எழுதினேன். பதில் உடனே வந்தது. நேர்மைக்கு நன்றி, ஆனால் கருத்துச் சொல்லும் காலம் முடிந்துவிட்டது, திருத்தக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பவும். படிவத்தைத் திறந்தேன். "பிழையின் வகை: எண் பிழை, எழுத்துப் பிழை, மேற்கோள் பிழை, பிற." என் பிழை 'பிற'வில் வந்தது. விவரிக்க இரண்டு வரி இடம் கொடுத்திருந்தார்கள். நான் இரண்டு பக்கம் இணைத்தேன். கடைசியில், போனால் போகிறது என்று இன்னொரு கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள்.

அக்காவைக் கூப்பிட்டேன். கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் முன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரமாக வார்த்தை கோத்து வைத்திருந்தேன். அவள் காது கொடுக்கவே இல்லை.

"வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுடி. நாத்து முத்துது. கெழக்குத் தெரு வயலு பூராவும் இந்த வாரம் முடிச்சாகணும். ஆறரை மணிக்கெல்லாம் வந்து உக்கார முடியாது," என்றாள்.

"அக்கா, குதிகாலோட வயல்ல எறங்குறியா?"

"பின்ன யாரு எறங்குவா? நீ வர்றியா?"

வைத்துவிட்டாள். கூட்டத்தன்று காலை, அலுவலகத்துக்குப் போகிற பேருந்தில் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், யாரோ நாற்று முடியைப் பிரிக்கச் சொல்லிக் கத்துகிற சத்தம். நடவு நடக்கிற வரப்பில் நின்று பேசியிருக்கிறாள். முழுக்கக் கேட்டேன். கேட்டுவிட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கூட்டத்தில் அதைப் போட்டேன். ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தி, ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்லி, அப்படியே போனேன்.

"வணக்கம். நான் மல்லிகா பேசுறேன். இன்னிக்கு நடவு, அதான் வர முடியல. போன தடவ நான் சொன்னத என் தங்கச்சி சுமதி பதமா மாத்திச் சொல்லிட்டா."

சொன்னேன்.

"அவ கெட்டவ இல்ல. பெரிய எடத்துல நம்மள ஏதாவது நெனச்சுக்குவாங்களோன்னு பயம் அவளுக்கு. சின்னப் புள்ளையிலேர்ந்தே அப்படித்தான்."

அதையும் சொன்னேன்.

"அதனால இந்தத் தடவ அவ சொல்றத மட்டும் நம்பாதீங்க. எம் பொண்ணு தனியா எழுதி அனுப்புறா. அவ எழுதுறத சுமதிக்குக் காட்ட வேணாம்னு சொல்லியிருக்கேன். ரெண்டையும் ஒத்துப் பாத்துக்குங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான் வகுப்பெடுக்கிற விதியை எங்களுக்கே போட்டாள். ஹெலன் அபிநயா அனுப்பியதைத் தன் திரையில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. மிச்சம் இருந்தது முன்பு நான் விழுங்கிய பேச்சு. சிவப்பு மை, விரல், வெட்கமா இல்லையா, எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன்.

முடிந்ததும் ஹெலன், "மிக முக்கியமான கருத்து. பின்னிணைப்பில் முழுமையாகச் சேர்த்துவிடலாம்," என்றாள். பூட்ஸ் ஆசாமி தலையாட்டினார். பின்னிணைப்பு என்றால் என்ன தெரியுமா? யாரும் போகாத பரண்.

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தில் குரலை உயர்த்தினேன். அறிக்கை எழுதிய அத்தனை பேரும் கடைசியாக ஒப்புதல் கொடுத்தால்தான் அது வெளியே போகும், ஒருவர் மாட்டேன் என்றாலும் நிற்கும். நான் மாட்டேன் என்றேன். அந்தச் சொல் இருக்கும்வரை ஒப்புதல் கிடையாது, என் சகோதரியின் பெயரும் கிடையாது, என் பெயரும் கிடையாது. "அமைதியாகப் பேசலாமே சுமதி," என்றாள் ஹெலன். "இல்லை. இப்படித்தான் பேசுவேன்," என்றேன்.

அவர்கள் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். எத்தனை மின்னஞ்சல், எத்தனை "புரிந்துகொள்கிறோம்". முடிவில் எடுத்தார்கள். பின்பற்ற முடியாத அறிவுரை என்று மாற்றினார்கள். குற்றம் நோயாளியிடமிருந்து அறிவுரைக்குப் போயிற்று. முதல் பரிந்துரையாக ஒரு வரி சேர்ந்தது: காலைப் பற்றி எதுவும் சொல்லும் முன், நோயாளி என்ன வேலை செய்கிறார், எங்கே நின்று செய்கிறார் என்று கேட்க வேண்டும்.

7

அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டேன். நடவு முடிந்திருந்தது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்.

"எடுத்துட்டாங்கக்கா! எல்லாப் பக்கத்துலேர்ந்தும் எடுத்துட்டாங்க. என்ன வேலைன்னு கேக்கணும்னும் எழுதிட்டாங்க. நீ சொன்னது அப்படியே முதல் வரியா வந்திருக்கு."

"சரி."

"என்னக்கா சரிங்குற?"

"சந்தோசம்தான்டி. நீ வாயத் தொறந்தியாமே, அபி சொன்னா. அதுவும் சந்தோசம்." பிறகு கேட்டாள். "அங்க எடுத்தா இங்க என் நோட்டுல அழிஞ்சிடுமா?"

"டாக்டருங்க எல்லாம் இதப் படிப்பாங்கக்கா."

"எப்ப?"

எத்தனை வருடம் ஆகும் என்று என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அந்தக் குதிகால் அத்தனை வருடம் காத்திருக்காது.

"நான் வேணா அந்த டாக்டரம்மாகிட்ட போன்ல பேசுறேன்க்கா. நீ சொல்றத விட்டுடாம எடுத்துச் சொல்றேன்."

அக்கா சிரித்தாள். கசந்துபோன சிரிப்பு.

"அவங்களுக்கு நீ எதுக்குடி? அவங்க பட்டுக்கோட்டைக்காரங்க. நான் பேசுற தமிழ்தான் அவங்களும் பேசுறாங்க. நான் போயிட்டிருந்த மூணு வருசமும் நேருக்கு நேரா உக்காந்து சொல்லியிருக்கேன், வயல் வேலைங்க, வயல் வேலைங்கன்னு. வெள்ளக்காரிக்கு நீ மாத்திச் சொன்ன, அதனால புரியல. இவங்களுக்கு யாரு மாத்திச் சொன்னா?"

அடுப்பில் ரசம் பொங்கிப் பக்கத்திலிருந்த பலகையின் மேல் வழிந்துகொண்டிருந்தது, அடுப்பை அணைக்கவும் தோன்றவில்லை.

"அழுவுறியா? அழுவாத. அந்தத் தாள அபிக்கு அனுப்பு. தமிழ்ல எழுதித் தரச் சொல்றேன். திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"போறியா? நெசமாவா? அபி சொன்ன மாதிரி புது நோட்டு போட்டுக்கக்கா. பழசு தொலஞ்சு போச்சுன்னு சொல்லிடு."

"எது தொலஞ்சுது? என் பொட்டியிலதான் இருக்கு. அந்தப் பக்கத்தத் தொறந்து அவங்க மேசையில வைக்கிறேன். உங்க தாளப் பக்கத்துல வைக்கிறேன், காலத் தூக்கி முன்னாடி நீட்டுறேன். மூணையும் பாக்கட்டும். பாத்துட்டு, எழுதின கையே அந்த வரிய அடிக்கட்டும்."